ஒரு திரி, இரண்டு கோளாறு

இலங்கையின் வெல்லவாய கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே ஏறும் ஏ4 பெருந்தெரு தியலும நீர்வீழ்ச்சியையும் கொஸ்லந்தையையும் தாண்டி, வளைந்து வளைந்து பெரகல சந்திக்கு வந்து சேர்கிறது. சந்தியில் தெரு பிரிகிறது. ஒன்று ஹல்துமுல்ல வழியாகப் பலாங்கொடைக்கும் கொழும்புக்கும் போகிறது. மற்றது இன்னும் ஏறி, 1,400 மீட்டருக்கு மேலே இருக்கும் ஹப்புத்தளையைத் தொட்டுப் பண்டாரவளைப் பக்கம் போகிறது. இந்த ஏற்றத்தில் காது அடைக்கும். பையில் வைத்த பிஸ்கட் பைக்கட் உப்பிக்கொள்ளும். சட்டைப் பையில் திரவம் நிரப்பிப் பாவிக்கும் ஈ-சிகரெட் இருந்தால் அது கசியும். அதே கருவியை ஹப்புத்தளையின் விடியற்காலைக் குளிரில் இழுத்தால் கருகல் சுவை தொண்டையில் அடிக்கும்.

கசிந்தால் திரவம் கூடிவிட்டது என்று பொருள். கருகினால் திரவம் போதவில்லை என்று பொருள். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டு கோளாறும் ஒரே கணக்கிலிருந்து பிறப்பவை. திரிக்கு வந்து சேரும் திரவம் எவ்வளவு, திரியிலிருந்து வெப்பம் பிடுங்கிக்கொள்ளும் திரவம் எவ்வளவு என்பதே அந்தக் கணக்கு. வரவு மிஞ்சினால் கசிவு, செலவு மிஞ்சினால் கருகல். இதைப் புரிந்துகொண்டால் கருவியின் கோளாறு விளங்கும். கருகலை வெறும் சுவைக் குறையாக எண்ணி ஒதுக்கக்கூடாது என்பதும் விளங்கும்.

குப்பி விளக்கு செய்யும் வேலை

தோட்டத்து லயங்களுக்கு மின்சாரம் வருமுன் இரவில் வெளிச்சம் தந்தது மண்ணெண்ணெய். வெறும் போத்தலின் மூடியில் துளை போட்டு, துணித்திரியைச் செருகி, எண்ணெய் ஊற்றினால் விளக்கு தயார். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத இந்தக் குப்பி விளக்குக்குள் ஈ-சிகரெட்டின் பௌதிகம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

திரியில் நூல்களுக்கிடையே மயிரிழை அளவு இடைவெளிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. எண்ணெய் நூலின் மேற்பரப்பில் ஒட்டிப் படர்கிறது. அதன் பரப்பிழுவை பின்னாலிருக்கும் எண்ணெயையும் சேர்த்து இழுக்கிறது. இதுவே மயிர்த்துளை எழுகை. இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரத்துக்குத் திரவம் ஏறும். ஆனால் குறுகலான வழியில் ஓட்டம் மெதுவாகும். எட்டும் உயரமும் ஏறும் வேகமும் வேறு வேறு. இறுக்கி முறுக்கிய திரி எண்ணெயை மேலே கொண்டுபோகும், ஆனால் சுடர் கேட்கும் வேகத்தில் கொடுக்காது.

எரியும் விளக்கில் சுடராவது எண்ணெயின் ஆவி. திரி நனைந்திருக்கும் வரை அதன்மேல் விழும் வெப்பத்தில் பெரும்பகுதியை எண்ணெய் ஆவியாவதற்கே எடுத்துக்கொள்கிறது. அதனால் நனைந்த பாகம் எரியாமல் பிழைக்கிறது. போத்தலில் எண்ணெய் தீர்ந்ததும் அந்தக் காவல் நீங்குகிறது. திரியே தீப்பற்றிக் கருகி, வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம் பரவுகிறது. அந்த நாற்றம் சொல்வது ஒன்றைத்தான்: வரவு நின்றுவிட்டது.

கசிவு இதைவிடக் கொடியது. உயரமான, பாரமில்லாத போத்தல் தட்டுப்பட்டுச் சரிந்தால், செருகி மட்டும் வைத்த மூடி கழன்று எண்ணெய் கொட்டும். கொட்டிய எண்ணெயைச் சுடர் பற்றும். இலங்கையில் இப்படித் தீக்காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, காயத்தை ஆற்றுவதோடு நின்றுவிடாமல் விளக்கையே மாற்றினார். 1990களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய ‘சுதீப’ விளக்கு குட்டையானது, கனத்த கண்ணாடியால் ஆனது. சரிந்தாலும் உருண்டோடாதபடி இரு பக்கமும் தட்டையாக இருக்கும். மூடி மறை போட்டு முறுக்கும் உலோக மூடி. விழுந்தாலும் எண்ணெய் கொட்டாது. 1998இல் இந்தப் பணிக்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. திரியையோ எண்ணெயையோ சுடரையோ அவர் தொடவில்லை. திரவம் எந்த வழியாக வெளியே வரலாம், எந்த வழியாக வரக்கூடாது என்பதை மட்டும் ஒழுங்கு செய்தார். ஒரு தாங்கியைச் செம்மையாக வடிவமைப்பதன் சாரம் அதுதான்.

தலைகீழாக வைத்த விளக்கு

புகையிலையை எரிக்காமல் ஆவியை இழுக்கும் கருவிக்கு அமெரிக்காவின் ஹெர்பர்ட் கில்பர்ட் 1965இலேயே காப்புரிமை பெற்றார். அது சந்தைக்கு வரவில்லை. இன்று உலகம் அறிந்த ஈ-சிகரெட்டின் வழி சீனாவின் மருந்தாளர் ஹோன் லிக்கின் 2003ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பிலிருந்து தொடங்குகிறது. அவருடைய முதல் கருவி மீயொலி அதிர்வால் திரவத்தைத் துளிகளாக்கியது. பின்னால் வந்தவை மின்னால் சூடேறும் கம்பிச் சுருளுக்கும் பஞ்சுத் திரிக்கும் மாறின. அதன்பின், தீர்ந்ததும் மீண்டும் நிரப்பக்கூடிய சிறு தாங்கிகள் வந்தன.

தாங்கிக்குள் இருக்கும் திரவத்தின் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரினும். அவற்றோடு சுவையூட்டியும், பெரும்பாலும் நிக்கோட்டினும் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் கொண்டுவந்த விதிப்படி இத்தகைய தாங்கி 2 மில்லிலீட்டரைத் தாண்டக்கூடாது. நிக்கோட்டின் ஒரு மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

குப்பி விளக்கில் எண்ணெய் கீழே, திரி மேலே. எண்ணெயைத் தூக்குவது மட்டும்தான் திரியின் பொறுப்பு. பெரும்பாலான ஈ-சிகரெட் தாங்கிகளில் திரவம் மேலே, திரியும் சுருளும் கீழே. திரவம் தானாகவே இறங்கிவிடும் நிலையில் இருக்கிறது. ஆகவே இங்கே திரி வாசற்கதவாகவும் நிற்க வேண்டும். சுருளுக்குத் தேவையானதை விட வேண்டும், மிச்சத்தைத் தடுக்க வேண்டும். பஞ்சு மட்டும் அதைச் செய்துவிட முடியாது. வளியமுக்கத்தின் துணை வேண்டும்.

கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் கவிழ்த்த போத்தலைப் பார்த்திருப்பீர்கள். போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தும் கீழே தட்டில் ஓரளவுக்கு மேல் வராது. உள்ளே மேற்புறத்தில் இருக்கும் காற்றின் அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்தைவிடச் சற்றுக் குறைவு. அந்த வித்தியாசம் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கிறது. கோழி குடித்து மட்டம் இறங்கினால் ஒரு குமிழ் காற்று உள்ளே போகும், அதற்கு ஈடாகத் தண்ணீர் இறங்கும். ஈ-சிகரெட் தாங்கியும் இதே முறையில்தான் இயங்குகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் திரி கொஞ்சம் திரவத்தைக் கொடுக்கிறது. அதற்கு ஈடாகத் திரியின் வழியே சிறு குமிழ்கள் மேலேறுகின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கல் கெட்டால் கருவி கெடும்.

எப்போது கசிகிறது?

எங்கே கசிகிறது என்று தேடுமுன் எப்போது கசிகிறது என்று கவனிப்பது பலன் தரும்.

சும்மா வைத்திருக்கும்போதே கசிந்தால் மேற்பக்கத்தில் காற்று நுழைகிறது. மூடி சரியாக முறுக்கப்படாமல் இருக்கலாம். ரப்பர் வளையம் தேய்ந்தோ வெட்டுப்பட்டோ மடங்கியோ இருக்கலாம். கண்ணாடியில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். திரவம் கீழே வழிகிறது, ஓட்டையோ மேலே இருக்கிறது. கவிழ்த்த போத்தலின் அடியில் ஊசியால் குத்தினால் தண்ணீர் முழுவதும் தட்டில் இறங்குவது போன்ற நிலை இது. கீழ்ப்பக்கத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பவர்களுக்குக் காரணம் பிடிபடாததற்கு இதுவே காரணம்.

நிரப்பி முடித்ததும் கசிந்தால், மூடியைத் திறந்த நேரத்தில் உள்ளே இருந்த குறையமுக்கம் போய்விட்டது என்று பொருள். திறந்திருந்த அந்தச் சிறிது நேரத்தில் திரவம் திரியை மீறி இறங்கியிருக்கிறது. பல தாங்கிகளில் கீழே இருக்கும் காற்றுத் துளையை மூடிக்கொண்டு நிரப்பச் சொல்வது இதற்காகத்தான்.

இழுக்கும்போது களகளவென்று சத்தம் வந்து வாய்க்குத் துளி தெறித்தால், சுருளைச் சுற்றித் திரவம் தேங்கியிருக்கிறது. மிக வேகமாக உறிஞ்சினால் ஆவியாகும் அளவைவிடக் கூடுதலான திரவம் உள்ளே இழுபடும். சுருளின் வலுவை மிகக் குறைத்து வைத்தாலும் வந்த திரவம் ஆவியாகாமல் தேங்கும். பஞ்சு போதாமல் இருந்தாலும் கதவு திறந்தே கிடக்கும்.

மலை ஏறும்போது கசிந்தால் கருவியில் பழுது எதுவும் இல்லாமலும் இருக்கலாம். வெல்லவாயவின் உயரத்தில் வளியமுக்கம் ஏறத்தாழ 990 ஹெக்டோபாஸ்கல். ஹப்புத்தளையின் உயரத்தில் ஏறத்தாழ 853. வெப்பநிலை மாறாவிட்டால், போயிலின் விதிப்படி கீழே 1 மில்லிலீட்டர் இடத்தில் அடைபட்ட காற்று மேலே 1.16 மில்லிலீட்டர் இடம் கேட்கும். மலைக்குளிரில் காற்று 10 பாகை செல்சியஸ் குளிர்ந்தால் அது ஏறத்தாழ 1.12 ஆகக் குறையும். கண்ணாடியும் உலோகமும் விரிந்துகொடுக்காது. ஆகவே காற்று தனக்கு வேண்டிய இடத்தைத் திரவத்தை வெளியே தள்ளித்தான் பெறும். 0.12 முதல் 0.16 மில்லிலீட்டர் வரை, அதாவது இரண்டு மூன்று துளிகள். பாதி காலியான 2 மில்லிலீட்டர் தாங்கியில் இது நடக்கும். முழுக்க நிரம்பிய தாங்கியில் விரிவதற்குக் காற்றே இல்லாததால் கசிவு மிகக் குறைவு. முற்றிலும் காலியான தாங்கியில் வெளியேறத் திரவம் இல்லை. அரைகுறையாக நிரம்பிய தாங்கிதான் ஏற்றத்தில் கசியும். விமானத்திலும் இதே கதைதான்.

கசிந்த திரவத்தை ஒட்டும் அழுக்காக மட்டும் எண்ணக்கூடாது. நிக்கோட்டின் தோல் வழியே உடலுக்குள் போகும். கையில் பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பழ வாசனையும் இனிப்பும் உள்ள இந்தத் திரவத்தைச் சிறுவர் விழுங்கினால் உயிராபத்து. மின்கலத்தின் முனைகளுக்குப் போனால் அதையும் கெடுக்கும்.

எப்போது கருகுகிறது?

கிளிசரின் மந்தமாக ஓடும் திரவம். 20 பாகை செல்சியஸில் அதன் பிசுக்குமை தண்ணீரைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு. 30 பாகைக்குச் சூடானால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். புரோப்பிலீன் கிளைக்கோல் இவ்வளவு தடிப்பானதல்ல. ஆகவே இரண்டையும் எந்த விகிதத்தில் கலக்கிறார்கள் என்பதும், அன்றைய வெப்பநிலை என்ன என்பதும் திரிக்கு வரும் ஓட்டத்தைத் தீர்மானிக்கின்றன. வெல்லவாயவின் வெக்கையில் ஒழுங்காக இறங்கிய கிளிசரின் மிகுந்த திரவம், ஹப்புத்தளையின் குளிரில் திரிக்குள் நகரவே தயங்கும். சுருளோ இரண்டு இடத்திலும் ஒரே அளவு வெப்பத்தைத்தான் கொடுக்கிறது. குளிரில் முதல் சில இழுப்பிலேயே பஞ்சு உலர்ந்துவிடும்.

நனைந்த திரி இருக்கும்வரை சுருளின் வெப்பநிலைக்குத் திரவமே வரம்பு கட்டுகிறது. புரோப்பிலீன் கிளைக்கோலின் கொதிநிலை 188 பாகை, கிளிசரினுடையது 290 பாகை. கலவை இந்த இரண்டுக்கும் இடையில் ஆவியாகிறது. சுருள் தரும் சக்தி ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. பஞ்சு உலர்ந்த கணத்தில் அந்த வரம்பு அறுந்து, கம்பி பல நூறு பாகைக்குத் தாவும். பருத்தி நார் 300 பாகையை நெருங்கும்போதே சிதையத் தொடங்குகிறது. குப்பி விளக்கில் எண்ணெய் தீர்ந்ததும் நடந்தது இங்கே சில விநாடியில் நடந்து முடிகிறது.

மற்றக் காரணங்களையும் நேரம் பார்த்தே பிரிக்கலாம். புதுச் சுருளைப் போட்ட உடன் கருகினால், பஞ்சின் நடுவரை திரவம் ஊறவில்லை. நிரப்பிவிட்டுச் சில நிமிடம் பொறுத்திருந்தால் இது நேராது. அடுத்தடுத்து இழுத்தபின் கருகினால், திரி மறுபடி நனைய இடைவேளை கிடைக்கவில்லை. வலுவைக் கூட்டியதும் கருகினால், சுருள் கேட்கும் வேகத்துக்குத் திரி கொடுக்கவில்லை. 3.7 வோல்ட் மின்கலத்தில் 1 ஓம் தடையுள்ள சுருள் ஏறத்தாழ 14 வாட் எடுக்கும். அதே மின்கலத்தில் அரை ஓம் சுருள் 27 வாட் எடுக்கும். தடை பாதியானால் செலவு இரட்டிப்பு, அகலமான திரி இல்லாவிட்டால் வரவு பழையபடியே. நாளாக நாளாகக் கருகல் கூடினால், இனிப்பூட்டிகளும் சுவையூட்டிகளும் கம்பியில் கரும்படலமாகப் படிந்து பஞ்சின் இடைவெளிகளை அடைத்திருக்கின்றன.

தாங்கி நிறைந்திருந்தும் கருகுவது பலரைக் குழப்பும். பஞ்சை மிக இறுக்கமாக அடைத்தாலோ திரவம் மிகத் தடிப்பாக இருந்தாலோ குமிழ் உள்ளே போக வழியில்லை. குமிழ் போகாவிட்டால் உள்ளே குறையமுக்கம் ஏறிக்கொண்டே போகும். கசியாமல் காத்த அதே குறையமுக்கம் இப்போது திரவத்தைத் திரிக்கு விடாமல் பிடித்துவைக்கிறது. மலையிலிருந்து இறங்கும்போதும் இதையொத்தது நடக்கும். வெளியமுக்கம் கூட, திரியில் இருந்த திரவம் தாங்கிக்குள் பின்வாங்கும். ஏறும்போது கசிந்த கருவி இறங்கியபின் முதல் இழுப்பில் கருகலாம். கசிவை நிறுத்த அடைத்த பஞ்சு கருகலைக் கொண்டுவரும். கருகலைத் தவிர்க்கத் தளர்த்திய பஞ்சு கசிவைக் கொண்டுவரும். இரண்டையும் தனித்தனியே தீர்க்கப் போகிறவர் ஒன்றிலிருந்து மற்றதற்கு அலைந்துகொண்டே இருப்பார்.

ஒருமுறை கருகிய பஞ்சு மீளாது. எவ்வளவு திரவம் ஊற்றினாலும் கரியின் சுவை போகாது. சுருளையும் பஞ்சையும் மாற்றுவது ஒன்றே வழி.

நாக்கு பிடிக்கும் வேதியியல்

அடுப்பில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது கண்ணைக் கரிக்கும் காட்டத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்று அக்ரோலின். எண்ணெய்க் கொழுப்பிலிருந்து பிரியும் கிளிசரின் கடும் வெப்பத்தில் நீரை இழந்து அதுவாகிறது. ஈ-சிகரெட்டில் கிளிசரின் நேரடியாகவே சுருளின்மேல் இருக்கிறது. உலர்ந்த சுருளில் அதுவும் கிளைக்கோலும் சிதைந்து அக்ரோலின், போர்மல்டிஹைட், அசிற்றல்டிஹைட் ஆகியவற்றைத் தருகின்றன. போர்மல்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் முடிவு.

2015இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ ஒரு முடிவை வெளியிட்டார்கள். 3.3 வோல்ட்டில் ஆவியில் காணப்படாத போர்மல்டிஹைட் சேர்மங்கள் 5 வோல்ட்டில் கணிசமாக உண்டாயின. அதே ஆண்டு கிரேக்க இருதய மருத்துவர் கொன்ஸ்டான்டினோஸ் ஃபர்சலினோசும் குழுவினரும் வேறொரு கோணத்தைக் காட்டினார்கள். ஆல்டிஹைடுகள் பெருகும் நிலையில் பாவனையாளர்கள் கருகல் சுவையை உடனே கண்டுகொண்டு நிறுத்திவிடுகிறார்கள் என்றது அவர்களின் ஆய்வு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கருகல் சுவையின் பெறுமதி தெரியும். உலர்ந்த சுருளில் நச்சு பிறப்பதை உடலுக்குச் சொல்லும் முதல் அறிவிப்பு அது. அதைப் பொறுத்துக்கொண்டு இன்னும் இரண்டு இழுப்பு இழுப்பவரும், கடும் இனிப்புத் திரவத்தால் அதை மறைப்பவரும், எச்சரிக்கையை அணைத்துவிட்டு ஆபத்தை வைத்துக்கொள்கிறார்கள்.

நாக்கு எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்றும் நம்ப முடியாது. 2018இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 56 பேர் அன்றாடம் பாவித்த கருவிகளைச் சோதித்தார்கள். சுருளோடு தொடர்புபட்ட பின் திரவத்திலும் ஆவியிலும் ஈயம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள் கூடியிருந்தன. ஈயத்துக்குக் கருகல் சுவை கிடையாது. நன்றாக நனைந்த, கசியாத, கருகாத கருவியிலிருந்தும் அது வரலாம்.

திரவத்தின் தடிப்பும் உயிரோடு விளையாடியிருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் ஆவிப்புகை பாவித்தவர்களிடையே கடும் நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். கஞ்சாவின் போதைப்பொருள் கலந்த திரவங்களில் தடிப்பூட்டச் சேர்த்த விற்றமின் ஈ அசிற்றேற்றே பெரும்பாலான பாதிப்புகளோடு தொடர்புபட்டது. சரக்கு கெட்டியாக, தரமானதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகச் சேர்த்த பொருள் அது. விழுங்கினால் குடல் செரித்துவிடும் ஒரு பொருளை நுரையீரலால் செரிக்க முடியாது. உணவுக்கு ஏற்றது என்ற சான்று சுவாசத்துக்குப் பொருந்தாது. கிளிசரினுக்கும் சுவையூட்டிகளுக்கும் இதே எச்சரிக்கை உரியது.

சரிசெய்ய முடிந்ததும் முடியாததும்

இந்தியா 2019இல் ஈ-சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் சட்டத்தால் தடைசெய்தது. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் புகையிலை அடங்கிய ஈ-சிகரெட்டுகளைத் தடைசெய்தன. தடையை மீறி மறைவாக வரும் கருவிகளுக்கும் திரவங்களுக்கும் தரக்கட்டுப்பாடு கிடையாது. எந்த உலோகத்தில் சுருள் செய்தார்கள், திரவத்தில் என்ன கலந்தார்கள் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. ரப்பர் வளையம் பொருந்தாமல் கசிவது அத்தகைய கருவியில் கண்ணுக்குத் தெரியும் குறை. திரவத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

ஏற்கெனவே பாவிப்பவர் செய்யக்கூடியவை தெளிவானவை. கருகல் சுவை வந்த இழுப்போடு நிறுத்த வேண்டும். சுருளை மாற்ற வேண்டும், வலுவைக் குறைக்க வேண்டும், புதுப் பஞ்சு ஊறப் பொறுக்க வேண்டும். கசிந்தால் மூடியிலும் வளையத்திலும் இருந்து தேடத் தொடங்க வேண்டும். பெயரும் ஊரும் தெரியாத திரவத்தை ஊற்றவே கூடாது. சிகரெட்டை விட விரும்புகிறவர் மருத்துவரிடம் கேட்டால் நிக்கோட்டின் ஒட்டுத்தாள், மெல்லும் பசை போன்ற, பரிசோதித்துத் தேறிய வழிகள் உண்டு. அவற்றில் சுருளும் இல்லை, ஆவியும் இல்லை. சிகரெட்டையும் ஈ-சிகரெட்டையும் இதுவரை தொடாத இளைஞர் ஒருவருக்கு, இந்தத் தாங்கியின் பௌதிகத்தைப் படித்து அறிவதால் கிடைக்கும் நன்மை அதைப் பாவிப்பதால் ஒருநாளும் கிடைக்காது.

வரவையும் செலவையும் சமன்செய்தால் கசிவும் கருகலும் போகும். அது கருவிக்கான தீர்வு. அந்தச் சமன்பாட்டின் இரண்டு பக்கத்திலும் நுரையீரலுக்கு இடம் இல்லை. நன்றாக இயங்கும் கருவி தனக்குக் கொடுத்த திரவத்தை முழுவதுமாக ஆவியாக்கி உள்ளே அனுப்புகிறது. அது சரியாக வேலை செய்கிறதா என்ற கேள்விக்குப் பௌதிகம் விடை சொல்லிவிடும். அந்த வேலை நம் உடலுக்கு வேண்டுமா என்ற கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். எந்தக் கோளாறும் இல்லாத நாளில்தான் அதை முதலில் கேட்க வேண்டும்.